அடிவாரத்தில் தொடங்கிய வேலை

நாற்பது நிமிடம்தான் பெய்தது. அந்த நாற்பது நிமிடத்தில் மேட்டு மண் இறங்கி வந்து நாற்றுக்காரியின் பதினான்கு பாத்திகளையும் மூடிவிட்டுப் போய்விட்டது.

விடிந்ததும் பின்கதவைத் திறந்தவள் படியிலேயே நின்றாள். தக்காளி, மிளகாய், கோஸ், கத்தரி என்று பிரித்துப் பிரித்து விதைத்த இடமெல்லாம் ஒரே நிறமாகக் கிடந்தது. அவள் புருஷன் மேஸ்திரி பூசித் தேய்த்து விடுகிற சிமெண்டுத் தரை மாதிரி அவ்வளவு வழவழப்பு. இன்னும் எட்டு நாள் போயிருந்தால் நாற்றுகளைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, சொல்லி வைத்தவர்களுக்குக் கொடுத்திருப்பாள். ஊரில் தோட்டம் வைத்திருக்கிற பாதிப் பேர் அவளிடம்தான் நாற்று வாங்குகிறவர்கள். அவள் கை நாற்று வாடாது என்று ஒரு பேர் இருந்தது.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். கணுக்கால் வரை உள்ளே போயிற்று. குனிந்து விரலால் கிளறினாள். ஒரு கோஸ் நாற்று வந்தது, தலை வேறு வேர் வேறாக. அடுத்து விரலில் மாட்டியது நாற்று இல்லை, துணி. இழுத்தாள். மஞ்சள் தொப்பி. உதறியதும் அதில் அச்சடித்திருந்தது தெரிந்தது: 'தன்னார்வலர்'.

அதைச் சுவரில் ஓங்கி அடித்தாள். ஈரச் சத்தத்தோடு ஒட்டிக்கொண்டு, பிறகு மெல்லச் சரிந்து விழுந்தது.

சத்தம் கேட்டு மேஸ்திரி தேநீர் டம்ளரோடு படிக்கு வந்தார். பார்த்தார். டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, குடிக்கவும் தோன்றவில்லை.

"கோஸு கொஞ்சம் தேறுமா?" என்றார்.

"தேறும். தோண்டி எடுத்து உங்க தலையில நட்டா தேறும். இந்த வீட்டுல மண்ணு படியாம இருக்கிறது அது ஒண்ணுதான்."

மேஸ்திரி உதட்டுக்குள் ஏதோ சொன்னார். அவர் குரலே அப்படி. இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. வேலை நடக்கிற இடத்தில் ஒரு முனையில் நின்று மட்டம் பார்த்து "சரி" என்பார். அடுத்த முனையில் நிற்கிறவன் "கேக்கலை மேஸ்திரி" என்று கத்துவான். இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான். குரல்தான் இல்லையே தவிர, அவர் எடுத்த மட்டத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

அந்த மட்டத்துக்காகத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு மேற்கே நிற்கிற மேடு முன்பு மரமாக இருந்தது. மரம் போனதும் மழைக்கு மழை மண் இறங்க ஆரம்பித்தது. அதைத் தடுக்க மருந்துக்கடைக்காரர் ஒரு குழு சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கூலி இல்லாமல் வந்து வேலை செய்கிறவர்கள் முப்பது பேர், அவர் தலைவர். வேலை இதுதான்: சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், முழங்கால் ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகப் போடுவது. மழைத் தண்ணீர் ஓடாமல் குழியில் நின்று மண்ணுக்குள் இறங்கும். மேட்டில் இப்படி இருபது வரிசை வெட்டவேண்டும். பதினொரு ஞாயிற்றுக்கிழமையில் ஆறு வரிசை முடிந்திருந்தது. ஆறுக்கும் மட்டம் எடுத்தவர் மேஸ்திரி.

முதல் ஞாயிறு நாற்றுக்காரியே இரண்டு கூடைக் கிழங்கு வேகவைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். மேட்டுக்கு நேர் கீழே இருப்பது அவள் நிலம். மண் நின்றால் முதலில் பிழைப்பது அவள்தான். ஆனால் மூன்றாம் வாரம் நிலத்தின் தலைமாட்டுக் கல்வரப்பு சரிந்தபோது, "ஒரு ஞாயிறு வீட்டுல நில்லுங்க" என்று கேட்டாள். "அடுத்த வாரம்" என்றார். அதற்கடுத்த வாரமும் அடுத்த வாரமாகவே இருந்தது. மஞ்சள் தொப்பியை ஆணியில் மாட்டுவார், எடுப்பார், மாட்டுவார். மருந்துக்கடைக்காரர் அவரை எல்லார் முன்னாலும் "நம்ம இன்ஜினியர்" என்று கூப்பிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் மேஸ்திரியின் குரல் அடுத்த அறைக்குக் கேட்டது.

பத்து மணிக்கு அந்த மருந்துக்கடைக்காரரே வந்தார். வேட்டியோ கால்சட்டையோ, எதை உடுத்தினாலும் கசங்காத மனிதர். சேற்றைப் பார்த்து முன்வாசலோடு நின்றுகொண்டார். மேஸ்திரி நாற்காலியை எடுத்துப் போட்டார். நாற்றுக்காரி சேற்றுக் கையோடு நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

"பாத்தேம்மா. வர்ற வழியில எட்டிப் பாத்தேன். வயிறு எரியுது."

"உங்களுக்கு எரிஞ்சா கடையில மாத்திரை இருக்கும். எனக்கு எங்க இருக்கு?"

"கோவம் நியாயம்தான். நான் தப்பு சொல்லலை." அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார். "ஆறு வரிசையும் போச்சு, மேஸ்திரி. ஒண்ணுகூட நிக்கலை. நாளைக்கு மண்வளத் துறை அம்மா வர்றாங்க. மேல் பகுதிக்கு இயந்திரம், கல்லு எல்லாம் குடுக்கிறதுக்கு முன்னாடி கீழ் பகுதியைப் பாக்கணும்னு சொல்லியிருந்தாங்கல்ல, அதுக்குத்தான். பாத்தா என்ன கேப்பாங்க? ஏன் உடைஞ்சுதுன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க" என்றார் மேஸ்திரி.

"நாம என்ன சொல்றது?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்தார். மருந்துச் சீட்டு எழுதுகிற பொடிக் கையெழுத்து. நாற்றுக்காரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, வாய்விட்டே படித்தாள்.

"'மட்டம் குறித்ததில் என் தரப்பில் நேர்ந்த பிழையால் கரைகள் உடைந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' யாரு தரப்புல?"

"அம்மா, முழுசாக் கேளு…"

"யாரு தரப்புலன்னு கேட்டேன்."

"இந்தா பாரும்மா. மேஸ்திரி தன்னார்வலர். சம்பளமா வாங்கினாரு? யாரு அவரைக் கேக்கப் போறாங்க? ஒரு ஆள் கை தவறிடுச்சுன்னா, சரி, அடுத்த தடவை பாத்துப் பண்ணுங்கன்னு போயிடுவாங்க. திட்டமே தப்புன்னு எழுதினா மேல் பகுதி வேலை நின்னு போகும். நின்னா யாருக்கு நஷ்டம்? என் கடைக்கா? அடுத்த மழைக்கும் மண்ணு இங்கதான் வரும். உன் நிலத்துக்காகத்தான் சொல்றேன். நல்லா யோசி."

சொல்லிவிட்டு, தாளைத் திரும்ப வாங்கவும் இல்லை. "காலையில ஒன்பது மணிக்கு" என்று எழுந்தார். வாசலில் கிடந்த செங்கல்மேல் கால் வைத்து, சேறு படாமல் தாண்டிப் போனார்.

அவர் போனதும் மேஸ்திரி சொன்னார்: "போட்டுடறேன்."

"எதை?"

"கையெழுத்தை. மேல வேலை நடக்கணும்ல."

நாற்றுக்காரிக்கு அந்த ஒரு நொடி, உண்மையைச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. மேலே பதினான்கு வரிசை. இயந்திரம். கல். இனி எந்த மழைக்கும் பயமில்லாத பாத்திகள். ஒரு கையெழுத்து. அவளும் அதை எடை போட்டுப் பார்த்தாள். போட்டுப் பார்த்த தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் உள்ளே வந்தான். தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். வாயையும் எப்போதும் பற்றவைத்தே வைத்திருப்பான்.

"அண்ணி, இருக்கிற சேத்தைப் பாத்தா வீட்டுக்கு அஸ்திவாரமே போடலாம் போல. ஆனா மட்டம் யாரு எடுக்கிறது?"

"என்னடா சொல்றே?"

"பட்டறையில வந்து சொல்றாங்க. ரொட்டிக்கடைக்காரர் புதுவீட்டு அஸ்திவாரத்துக்குத் திங்கக்கிழமை கயிறு கட்டுறதா இருந்துதுல்ல? அண்ணனை வேணாம்னுட்டாராம். 'மேட்டையே கோணலா வெட்டினவன், என் சுவத்தை நிமித்தியா கட்டுவான்'னு கேட்டாராம்."

மேஸ்திரியின் முகம் சுண்டிப்போயிற்று.

"இன்னும் கையெழுத்தே போடலையே" என்றாள் நாற்றுக்காரி. தாளை அவனிடம் நீட்டினாள்.

கொழுந்தன் படித்தான். "கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடியே ஊருக்குப் படிச்சுக் காட்டிட்டு வந்திருக்காரு, அண்ணி. மருந்து குடுத்துட்டுத்தான் நோயே சொல்வாரு போல."

"என்னங்க," என்றாள் அவள், புருஷனைப் பார்த்து. "மட்டம் தப்பா, இல்லையா?"

அவர் நிமிர்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அடிபட்டவர் மாதிரிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"படுத்துக்கிட்டாரு" என்றான் கொழுந்தன்.

"படுக்கட்டும். அந்த டியூப்பை எடு."

மேஸ்திரியின் டியூப் மட்டம் ஆணியில் சுருட்டித் தொங்கியது. கண்ணாடிபோலத் தெரிகிற இருபதடி ரப்பர்க் குழாய், உள்ளே தண்ணீர்; கண்ணுக்குத் தெரிவதற்காகத் துணிக்குப் போடும் நீலம் நாலு சொட்டு. குழாயின் இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் எத்தனை பள்ளம் மேடு இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது.

வெயில் சாயத் தொடங்கியபோது இரண்டு பேரும் மேட்டில் இருந்தார்கள். கீழ் வரிசைக் கரை ஏழெட்டு இடத்தில் பல் விழுந்த வாய்போல உடைந்து கிடந்தது. குழியெல்லாம் மண் தூர்ந்து தரையோடு தரை. ஆனால் மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்தடிக்கு ஒரு முளை அடிப்பார். தரைக்குமேல் சரியாக ஒரு சாண் நிற்கும். தலையில் சிவப்புப் பெயிண்ட். மற்றவர்கள் சுண்ணாம்புக்கோடு போட்டால் போதாதா என்பார்கள். சுண்ணாம்பு மழையோடு போயிருந்தது. நாற்றுக்காரி முட்டி போட்டு, கையால் சேற்றை வாரினாள். சாண் ஆழத்தில் முதல் சிவப்புத் தலை தெரிந்தது. ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

ஒவ்வொன்றாகத் தோண்டிக் கழுவினார்கள். பிறகு குழாயைப் பிடித்தார்கள். அவள் பக்கம் தண்ணீர் முளைத் தலைக்கு இரண்டு விரல்கடை மேலே நின்றது.

இடத்தை மாற்றிப் பிடித்தாள். இப்போது மூன்று விரல்கடை.

"அண்ணி…" என்றான் கொழுந்தன், கிண்டல் இல்லாமல்.

"காத்து இருக்கு."

திரும்பினார்கள். சரிவில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. "குழாயில காத்து இருக்கு. குமிழி. தட்டணும்" என்றபடி வந்து தம்பி கையிலிருந்து பிடுங்காத குறையாகக் குழாயை வாங்கினார். தலைக்குமேல் தூக்கி, விரலால் சுண்டிச் சுண்டி, ஒரு கடுகளவு குமிழியை முனைவரை ஏற்றி வெளியேற்றினார். "இப்படியா பிடிப்பாங்க? பாம்பைப் பிடிச்ச மாதிரி."

பிடித்தார். நீலத் தண்ணீர் ஆடி, ஆடி, நின்றது. அவள் பக்கம் முளைத் தலைக்கு நேராக. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அடுத்த முளை. அடுத்தது. ஆறு வரிசையும் பார்த்து முடிக்கையில் மூன்று பேர் உடம்பிலும் மண் இல்லாத இடம் இல்லை.

"ஒண்ணுகூடத் தப்பில்லை" என்றான் கொழுந்தன். "அப்புறம் ஏண்ணே உடைஞ்சுது?"

மேஸ்திரி மேட்டின் உச்சியைக் காட்டினார். அங்கே ஒரு குழி இல்லை, கரை இல்லை. மொட்டைச் சரிவு, நீளமாக, ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் நாலைச் சாய்த்து வைத்தது மாதிரி.

"மேல இருக்கிற தண்ணி அத்தனையும் ஒரே மூச்சுல வந்து முதல் கரையில மோதுச்சு. அது உடைஞ்சுது. அது உடைஞ்ச தண்ணியும் சேந்து ரெண்டாவதை உடைச்சுது. மொட்டைமாடித் தண்ணிக்கு மாடியில வழி பண்ணாம வாசப்படியில தடுப்பு கட்டுன மாதிரி. மேலேருந்துதான் தொடங்கணும். மேல நாலு வரிசை இருந்தா கீழ தண்ணியே வந்திருக்காது."

"பின்னே ஏன் கீழேருந்து தொடங்குனீங்க?"

"கீழதானே ரோடு இருக்கு. பாக்க வர்றவங்க வண்டியை விட்டு இறங்கினதும் தெரியணும்னாரு. படம் எடுக்க வசதின்னாரு."

நாற்றுக்காரி குழாயின் முனையைக் கீழே விட்டாள்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொன்னீங்களா?"

"ஒரு தடவை சொன்னேன்."

"எப்போ?"

"முதல் வாரம். தேநீர் குடிக்கிறப்போ."

"அவரு என்ன சொன்னாரு?"

"அவருக்குக் கேக்கலை போல."

"கேக்கலை!" அவள் கத்தியது எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பியது. "பதினோரு ஞாயிறு! என் வரப்பைப் போட்டுட்டு, என் பாத்தியைப் போட்டுட்டு, உடையும்னு தெரிஞ்ச கரைக்கு மட்டம் பிடிச்சிருக்கீங்க. முப்பது பேரு முதுகு ஒடிய வெட்டியிருக்கான். உங்களுக்குத் தெரியும். இன்ஜினியர்னு ஒருத்தன் கூப்பிட்டதும் வாயில சிமெண்டு வச்சுப் பூசிக்கிட்டீங்க! அந்த ஆளு தெரியாம பண்ணினான். நீங்க தெரிஞ்சு பண்ணியிருக்கீங்க."

"அண்ணி, விடுங்க…"

"நீ சும்மா இரு."

மேஸ்திரி குழாயைச் சுருட்டினார். சுருட்டி முடித்த பிறகும் சுருட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டாள், தட்டுதான் சத்தம் போட்டது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேட்டடியில் முப்பது மஞ்சள் தொப்பியும் வந்து நின்றன. துறை அதிகாரி அம்மா வண்டியை விட்டு இறங்கி, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகச் சேற்றில் நடந்தாள். மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே பேசிக்கொண்டு போனார்.

"நல்ல மனுஷங்கதான், மேடம். ஆர்வம் அதிகம். அனுபவம் கொஞ்சம் பத்தலை. மட்டம் எடுத்ததுல ஒரு சின்ன… அவரே எழுதிக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்காரு. மேஸ்திரி, அந்தத் தாளைக் குடுங்க."

தாள் மேஸ்திரியிடம் இல்லை. நாற்றுக்காரியின் இடுப்பில் செருகியிருந்தது. எடுத்து அதிகாரியிடம் கொடுத்தாள்.

"படிங்கம்மா. இது அவரு எழுத்து, என் வீட்டுக்காரர் எழுத்து இல்லை. படிச்சிட்டு, இந்தக் குழாயை நீங்களே பிடிச்சுப் பாருங்க. முளையெல்லாம் கழுவி வச்சிருக்கேன்."

"அம்மா, மேடம் நேரத்தை வீணாக்காதே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"என் பதினாலு பாத்தி வீணாப் போச்சு. அவங்க நேரம் பத்து நிமிஷம் போகட்டும்."

அதிகாரி குழாயை வாங்கினாள். பிடிக்கத் தெரிந்தவள், முதலில் குமிழி இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு வரிசை பார்த்தாள். மூன்றாவதற்குப் போகவில்லை. "மட்டம் சுத்தமா இருக்கு" என்றாள். தொப்பிகளுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவள் உச்சியைப் பார்த்தாள், பாதையைப் பார்த்தாள். "கீழேருந்து ஏன் தொடங்குனீங்க? யாருமே சொல்லலையா?"

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஏதோ கேட்டது.

"என்ன? கேக்கலை" என்றாள் அதிகாரி.

மேஸ்திரி இரண்டடி முன்னால் வந்தார். "எனக்குத் தெரியும். கீழேருந்து வெட்டினா நிக்காதுன்னு தெரியும். ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன். தெரிஞ்சேதான் மட்டம் பிடிச்சேன். மட்டத்துல தப்பில்லை. தெரிஞ்சும் பிடிச்சதுலதான் தப்பு."

முப்பது பேரில் பாதிப் பேர் அவரை முறைத்தார்கள். பாதிப் பேர் மருந்துக்கடைக்காரரை.

அதிகாரி தாளை மடித்து நாற்றுக்காரியிடம் திருப்பிக் கொடுத்தாள். "மேல் பகுதிக்கு இப்போ அனுமதி குடுக்க முடியாது. திரும்ப அளந்து, உச்சியிலேருந்து புதுசா திட்டம் போட்டுக் குடுங்க. எப்படியும் மழைக்காலம் முடிஞ்சுதான் ஆகும்."

"மழை முடிஞ்சு வந்து எதைத் தடுக்கப் போறீங்க?" என்றாள் நாற்றுக்காரி.

"நான் என்னம்மா பண்றது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

வண்டி போயிற்று. மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி, சேற்றுத் துளியைத் தட்டிவிட்டார். "திருப்திதானே? இயந்திரம் போச்சு, கல்லும் போச்சு. உன் நிலத்தை நீயே கெடுத்துக்கிட்டே. நான் இனிமே இதுல இல்லை."

"நீங்க எப்பவுமே இதுல இல்லை" என்றாள் அவள். "ரோட்டுலதான் நின்னீங்க."

குவித்து வைத்திருந்த கருவிகளிலிருந்து ஒரு கடப்பாரையை உருவித் தோளில் போட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. ஏற ஆரம்பித்தாள். வழுக்கிற இடத்தில் கடப்பாரையை ஊன்றி, மூச்சிரைக்க, உடைந்த ஆறு வரிசையையும் தாண்டி ஏறினாள். அவளுக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக இருந்தது. படம் எடுக்க வசதியான இடம் தேடினவன் மேல், முறை பேசினவள் மேல், இரண்டு கூடைக் கிழங்கு வேகவைத்துக்கொண்டு வந்த தன் மேல். வானம் வேறு தெற்கே கறுத்துக்கொண்டிருந்தது.

உச்சிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒன்பது பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் ஒருவன், அவன் தன்னார்வலனே இல்லை, தொப்பியும் இல்லை. எல்லாருக்கும் கடைசியாக மேஸ்திரி, குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கையில் முளைக் கட்டோடு. மீதிப் பேர் கீழே பாதையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கடப்பாரையை ஓங்கி இறக்கினாள். தரை இறுகிக் கிடந்தது, கை அதிர்ந்தது. இன்னொன்று போட்டாள்.

"அங்க வேணாம்" என்றார் மேஸ்திரி. "மட்டம் பாத்துட்டு வெட்டணும்."

அவள் நிமிர்ந்து, குழாயின் ஒரு முனையை வாங்கிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றாள். அவர் தன் முனையில் முளையை வைத்து, குனிந்து பார்த்தார். காற்று அடித்தது. நீலத் தண்ணீர் ஆடி அடங்கியது. அவர் உதடு அசைந்தது.

நேற்றிலிருந்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"கேக்கலை" என்றாள்.

"சரி" என்றார்.

"கேக்கலை. கீழ நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

மேஸ்திரி நிமிர்ந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்க, "சரீ…" என்று கத்தினார். பாதையோரம் நின்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"இப்போ அடிங்க முளையை" என்றாள் அவள்.